டொன்கட்சுக் கடைக்கு முதல்முறை செல்பவருக்கு

வேலை நிமித்தமாக முதல்முறை டோக்கியோ செல்லவிருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: “பன்றிக்கறியை ரொட்டித் தூளில் புரட்டிப் பொரித்துத் தரும் டொன்கட்சுவுக்கென்றே அங்கே தனிக் கடைகள் இருப்பதாகவும், சிலவற்றின் வாசலில் ஒரு மணி நேரம்கூட ஆட்கள் காத்திருப்பதாகவும் சொல்கிறார்கள். பொரித்த கறித் துண்டு ஒன்றுக்கு அவ்வளவு நேரம் நிற்பது தகுமா? உள்ளே போனால் எதைக் கேட்க வேண்டும், எப்படிச் சாப்பிட வேண்டும்?”

தகும் என்பதே என் பதில். ஆனால் பொரித்த கறியைத் தின்னப் போகிறோம் என்ற எண்ணத்தோடு மட்டும் போனால் பாதி அனுபவம் கைநழுவிவிடும். டொன்கட்சுக் கடை அடிப்படையில் ஒரு சாப்பாட்டுக் கடை. சோறு, புளிக்கவைத்த சோயா விழுதைக் கரைத்த மிசோச் சாறு, ஊறுகாய், குன்றுபோலக் குவித்த முட்டைக்கோஸ் ஆகியவற்றின் நடுவே கறி ஒரு வெஞ்சனமாக வந்து அமர்கிறது. அதன் தடிப்பும், அதை நறுக்கும் அகலமும், மேலே ஊற்றிக்கொள்ளும் சாஸின் இனிப்பும் புளிப்பும் சூடான வெள்ளைச் சோற்றை மனத்தில் வைத்தே அமைந்தவை. இதைப் பிடித்துக்கொண்டால் எதைக் கேட்பது, எப்படிச் சாப்பிடுவது என்பனவெல்லாம் பெரும்பாலும் தாமாகவே விளங்கிவிடும்.

நம் ஊரில் கட்லெட் என்றவுடன், உருளைக்கிழங்கும் பீட்ரூட்டும் மசித்து ரஸ்க் தூளில் புரட்டி ரயிலில் தட்டில் வைத்து விற்றுக்கொண்டு வரும் பண்டம்தான் நினைவுக்கு வரும். அச்சொல்லின் மூலம் பிரெஞ்சு மொழியில் விலா எலும்போடு கூடிய இறைச்சித் துண்டைக் குறித்தது. ஆங்கிலத்தின் வழியாக நம்மிடம் வந்து சேர்ந்தபோது இறைச்சி கழன்றுபோய் ரஸ்க் தூள் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. ஜப்பானியர் வாயில் அதே சொல் ‘கட்சுரெட்சு’ ஆகி, பின்னர் வால் அறுந்து ‘கட்சு’ என நின்றது. பன்றியைக் குறிக்கும் ‘டொன்’ முன்னால் சேர்ந்துகொண்டது. ‘கட்சு’ என்ற ஒலிக்கு வெல்லுதல் என்ற பொருளும் அம்மொழியில் இருப்பதால், தேர்வுக்கு முந்தைய நாள் பிள்ளைகளுக்கு இதைச் சமைத்துப் போடும் வழக்கமும் உண்டு.

பண்டத்துக்கு வயது அதிகமில்லை. 675இல் பேரரசர் தென்மு மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றை உண்ணத் தடை விதித்தது முதல், பௌத்தத்தின் செல்வாக்கால் பல நூற்றாண்டுகள் ஜப்பானில் இறைச்சி உண்பது வெளிப்படையான வழக்கமாக இருக்கவில்லை. காட்டுப்பன்றியும் மானும் அந்தத் தடைக்குள் வரவில்லை என்பதால் மலைப்பகுதி மக்கள் அவற்றை உண்டுவந்தார்கள் என்பது வேறு கதை. 1872இல் பேரரசர் மெய்ஜி மாட்டிறைச்சி உண்டார் என்ற செய்தி வெளிவந்த பிறகு மேனாட்டுச் சமையல் நகரங்களில் வேகமாகப் பரவியது. டோக்கியோவின் கின்சா பகுதியில் 1895இல் தொடங்கி இன்றும் நடந்துவரும் ரெங்காதெய் என்ற உணவகத்தில், 1899 வாக்கில், பிரெஞ்சுப் பாணியில் வெண்ணெயில் வாட்டி அடுப்பில் வேகவைக்கும் முறையைக் கைவிட்டு, காய்கறியையும் மீனையும் மாவில் தோய்த்துத் தெம்புரா பொரிப்பதுபோல நிறைய எண்ணெயில் முழுக்கிப் பன்றிக்கறியைப் பொரிக்கத் தொடங்கினார்கள். ருஷ்ய ஜப்பானியப் போரின்போது இளம் சமையற்காரர்கள் படைக்குப் போய்விட, உடன் வைக்கும் காய்கறிகளை வேகவைக்க ஆளில்லாமல், பச்சை முட்டைக்கோஸை நறுக்கி வைத்தார்கள் என்பது அக்கடையைப் பற்றிச் சொல்லப்படும் கதை. ஆள் பற்றாக்குறையில் வந்து சேர்ந்த முட்டைக்கோஸ் பின்னர் தட்டை விட்டு இறங்கவே இல்லை.

அதுவரை அது கத்தியும் முள்கரண்டியும் கொண்டு உண்ணும் மெல்லிய கறித் துண்டுதான். 1920களின் இறுதியிலும் 1930களின் தொடக்கத்திலும் டோக்கியோவின் உயெனோ, ஒகாச்சிமாச்சி வட்டாரத்தில்தான் அது இன்றைய வடிவத்தை அடைந்தது. அரண்மனைச் சமையலறையில் மேனாட்டு உணவு சமைத்துப் பழகிய ஷிமாதா ஷின்ஜிரோ என்பவரின் பெயர் இதனுடன் சேர்த்துப் பேசப்படுகிறது. கறி தடித்தது, பொரித்ததும் சமையற்காரரே அதை விரற்கடை அகலத் துண்டுகளாக நறுக்கிக் கொடுத்தார், உண்பவர் கைக்குக் குச்சிகள் வந்தன. கத்தி மேசையை விட்டுச் சமையலறைக்குள் போன அந்த மாற்றத்தையே நான் டொன்கட்சுவின் பிறப்பு என்பேன். குச்சியால் எடுக்க முடிந்த பண்டம் சோற்றுக் கிண்ணத்துக்கு உறவாகிவிட்டது. 1930இல் தொடங்கிய இசென் என்ற உயெனோக் கடை, குச்சியாலேயே அறுக்கத்தக்க அளவுக்கு மெதுவானது என்பதைத் தன் விளம்பர வாசகமாகவே வைத்துக்கொண்டது. 1905இல் தொடங்கிய பொன்தா ஹொன்கே இன்றும் தன் உணவுப் பட்டியலில் ‘கட்சுரெட்சு’ என்ற பழைய பெயரைத்தான் எழுதுகிறது.

இனி, எதைக் கேட்பது என்ற கேள்வி. பட்டியலில் எத்தனை வரிகள் இருந்தாலும் அடிப்படைத் தேர்வு இரண்டுதான்: ரோசு, ஹிரே. ரோசு என்பது முதுகுப் பகுதிக் கறி; அதன் ஒரு விளிம்பில் வெள்ளைக் கொழுப்பு ஒரு பட்டைபோல ஓடும். ஹிரே என்பது முதுகெலும்பின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும், அதிகம் வேலை செய்யாத, கொழுப்பில்லாத மெல்லிய தசை. பன்றிக்கறி பழகாதவர்களும் கொழுப்பைக் கண்டு தயங்குபவர்களும் ஹிரேயையே நாடுவார்கள். அது பஞ்சுபோல மெதுவாக இருக்கும், குறை சொல்ல ஒன்றும் இராது. ஆனால் ஒரே ஒரு முறைதான் போகப்போகிறீர்கள் என்றால் ரோசுவைக் கேளுங்கள். பன்றிக்கறியின் மணமும் இனிப்பும் பெரும்பகுதி அந்தக் கொழுப்பில்தான் இருக்கின்றன. நல்ல கடையில் அது வாயில் வழவழவென்று நிற்காமல் கரைந்துவிடும். ரோசுவிலேயே சாதாரணம், ‘ஜோ’ என்ற மேல்தரம், ‘தொக்கு’ என்ற சிறப்புத்தரம் எனப் படிகள் வைத்திருப்பார்கள். தரம் ஏற ஏறப் பெரும்பாலும் தடிப்பும் கொழுப்பும் கூடுமே ஒழிய, கீழ்ப்படி மட்டமான கறி என்று பொருளல்ல. முதல் முறைக்கு நடுப்படி போதுமானது.

பட்டியலில் பன்றியின் இனப்பெயரும் பெரும்பாலும் இருக்கும். குரோபுத்தா என்றால் கரும்பன்றி. இங்கிலாந்தின் பெர்க்‌ஷயர் இனம், அதிலும் தெற்கே உள்ள ககோஷிமாவில் வளர்ந்தது பெயர்பெற்றது. சங்கென்டொன் என்று எழுதியிருந்தால் மூன்று இனங்களைக் கலந்து பெருக்கிய பன்றி. ஓக்கினாவாவின் அகு, டோக்கியோ மாநகர ஆய்வுப் பண்ணையில் உருவாக்கிய டோக்கியோ எக்ஸ் என்பவையும் கண்ணில் படலாம். இவற்றுக்குள் வேறுபாடு இருக்கிறது; ஆனால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தின்றாலன்றி முதல்முறை உண்பவருக்கு அது புலப்படுவது அரிது. இனப்பெயருக்காகக் கூடுதல் பணம் கொடுப்பதை இரண்டாம் முறைக்கு ஒத்திவைக்கலாம்.

சிறப்புக் கடைக்கும் வீட்டுச் சமையலுக்கும் உள்ள இடைவெளி முதலில் தெரிவது மேலுறையில்தான். நம் ரஸ்க் தூள் மணல்போல நைசானது. பண்டத்தின் மேல் இறுகப் படிந்து ஓடுபோல ஆகிவிடும், எண்ணெயையும் இழுக்கும். ஜப்பானிய ரொட்டித் தூளான பான்கோ தூளே அல்ல, செதில். நல்ல கடைகள் காய்ந்த பான்கோவைத் தொடாமல், ஈரம் போகாத புது ரொட்டியை உதிர்த்த ‘நாமா பான்கோ’வைப் பயன்படுத்துகின்றன. சில ஆலைகளில் அதற்கான ரொட்டியை அடுப்பில் சுடாமல், மாவின் ஊடாக மின்சாரத்தைச் செலுத்தி வேகவைப்பார்கள். அப்படிச் செய்தால் பழுப்பு மேல்தோலே இல்லாத வெள்ளை ரொட்டி கிடைக்கும். மாவு, முட்டை, பிறகு இந்தச் செதில்கள் என்ற வரிசையில் கறியைப் போர்த்தும்போது சமையற்காரரின் கையைக் கவனியுங்கள்: அழுத்தமாட்டார், தூவி மெல்லத் தட்டிக்கொடுப்பார். எண்ணெயில் விழுந்ததும் செதிலுக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகி வெளியேற, ஒவ்வொரு செதிலும் தனித்தனியாக நிமிர்ந்து நிற்கும். ஜப்பானியர் இதைப் பார்த்து, மாவு ‘எழுந்து நிற்கிறது’ என்பார்கள்.

எண்ணெயைப் பொறுத்தவரை இரண்டு மரபுகள் இருக்கின்றன. பழைய கடைகள் பெரும்பாலும் பன்றிக் கொழுப்பை உருக்கியெடுத்த நெய்யில் பொரிக்கின்றன. வாசலிலேயே அதன் மணம் வரவேற்கும். பொன்தா ஹொன்கேயில் ரோசுவின் விளிம்புக் கொழுப்பை முழுவதும் சீவியெடுத்து, அதையே உருக்கி, அந்த நெய்யில் கறியைப் பொரிக்கிறார்கள். மற்றொரு சாரார் எள்ளெண்ணெய், பருத்திவிதை எண்ணெய் போன்றவற்றைக் கலந்து, வயிற்றுக்கு இலேசாக இருக்கும்படி செய்கிறார்கள். வெப்பத்திலும் அப்படியே. 170, 180 டிகிரியில் சில நிமிடங்களில் பொன்னிறமாகப் பொரிப்பது பொதுவான முறை. அண்மைக் காலத்தில் பேர்பெற்ற கடைகள் சில அதைவிடக் குறைந்த வெப்பத்தில், கால் மணி நேரத்துக்கு மேலும் பொறுமையாக வைத்திருந்து, வெண்மை மாறாத உறையோடு எடுக்கின்றன. தகாதனொபாபாவில் புகழடைந்து 2019இல் மினாமி அசகாயாவுக்கு இடம் மாறிய நரிகுரா இந்த வெள்ளை டொன்கட்சுவுக்குப் பெயர்போனது. எந்த முறையானாலும் எண்ணெயிலிருந்து எடுத்த கறியை உடனே நறுக்கமாட்டார்கள். கம்பித் தட்டின் மேல் சற்று நேரம் இருக்கவிட்டு, வெளிப்புறத்தின் சூடு நடுப்பகுதிக்குப் போய்ச் சேரும்வரை காத்திருப்பார்கள். வரிசை மெதுவாக நகர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

நறுக்கிய துண்டின் நடுவில் இளஞ்சிவப்பு நிறம் தெரிந்தால் திடுக்கிட வேண்டாம். பன்றிக்கறியை வெந்து வெளுக்காமல் உண்ணக் கூடாது என்று நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. ஜப்பானிய விதியும் கண்டிப்பானதுதான்: 2015 ஜூன் முதல் பச்சைப் பன்றிக்கறியையும் ஈரலையும் உணவகங்களில் பரிமாறத் தடை இருக்கிறது, கறியின் நடுப்பகுதி 63 டிகிரியில் 30 நிமிடமோ அதற்கு இணையான அளவிலோ வெந்திருக்க வேண்டும், 75 டிகிரி என்றால் ஒரு நிமிடம் போதும். தடித்த கறி அந்த அளவை எட்டிய பின்பும் இலேசான சிவப்பு மிஞ்சக்கூடும். ஆனால் கண்ணாடிபோலப் பளபளப்பாக, பச்சை இறைச்சியாகவே தெரிந்தால் பணியாளரிடம் காட்டத் தயங்க வேண்டாம். முகம் சுளிக்காமல் மீண்டும் பொரித்துத் தருவார்கள்.

தட்டு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கறித் துண்டுகள் சிறு கம்பித் தட்டின் மேல் நிற்கும். அடிப்பக்கம் தன் ஆவியிலேயே நமுத்துப்போகாமலிருக்க அந்த ஏற்பாடு. பக்கத்தில் மயிரிழைபோல நறுக்கிய முட்டைக்கோஸ், ஓரத்தில் ‘கராஷி’ என்ற கடுகு விழுது, சில கடைகளில் எலுமிச்சைத் துண்டு, உப்பு. பல கடைகளில் உள்பக்கம் வரிவரியாகக் கீறிய சிறு மண் கிண்ணத்தில் வறுத்த எள்ளும் ஒரு மரக் குழவியும் முன்கூட்டியே வந்துவிடும். கறி பொரியும் நேரத்தில் எள்ளை நீங்களே அரைத்துக்கொண்டிருக்க வேண்டும். முழுதும் மாவாகாமல் பாதி உடைந்த பதம் போதும். அதன் மேல் சாஸை ஊற்றிக் கலந்துகொள்வது வழக்கம்.

முதல் துண்டை நடுவிலிருந்து எடுங்கள். அங்கேதான் கறி தடிப்பாகவும் சாறு மிகுந்தும் இருக்கும். அதை வெறுமையாகவோ ஒரு சிட்டிகை உப்புடனோ தின்று பாருங்கள். அடுத்த துண்டுக்குச் சாஸ். முதல்முறை சென்றபோது, பெரிய சாஸ் குவளையைக் கண்டதும் சாம்பார் வாளியைக் கண்டதுபோல நான் எல்லாத் துண்டுகளின் மேலும் தாராளமாக ஊற்றிவிட்டேன். இரண்டு நிமிடத்தில் மொறுமொறுப்பு முழுவதும் போய், கடைசி மூன்று துண்டுகள் ஊறிய ரொட்டியாகிவிட்டன. எதிரே நின்ற முதியவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த முறை நான் குவளையை எடுத்தபோது மட்டும் ஒரு சிறு கிண்ணத்தைச் சத்தமில்லாமல் என் பக்கம் நகர்த்தினார். தொட்டுக்கொள்வதற்குத்தான் சாஸ், குழைப்பதற்கு அல்ல. கடுகு விழுதைக் கொழுப்பு மிகுந்த ஓரத் துண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காரம் மூக்கில் ஏறிக் கொழுப்பின் திகட்டலை அறுக்கும்.

அந்தச் சாஸில் நமக்குத் தெரிந்த ஒரு வாசனை இருப்பதாக உங்களுக்குத் தோன்றலாம். அதன் மூதாதை பிரிட்டனின் ஊஸ்டர் சாஸ். அதன் சுவையில் நெத்திலி வகை மீனோடு நம் புளிக்கும் பங்குண்டு. ஜப்பானியர் அதைத் தக்காளி, ஆப்பிள், வெங்காயம் முதலியவற்றின் கூழைச் சேர்த்து இனிப்பாக மாற்றிக்கொண்டார்கள். தண்ணீர்போல இருந்ததைக் கெட்டியாக்கி டொன்கட்சுவுக்கென்றே முதலில் விற்றது கோபே நகரத்தின் ஆலிவர் நிறுவனம், ஆண்டு 1948. பொரித்த உறையின் மேல் வழிந்தோடாமல் நிற்க வேண்டும் என்பதற்காகவே அந்தக் கெட்டிப் பதம்.

முட்டைக்கோஸை அலங்காரம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். இரண்டு துண்டுக்கு ஒரு பிடி என்ற கணக்கில் தின்றால்தான் நாக்கு ஒவ்வொரு முறையும் புதிதாகும். ஒரு கடையின் தரத்தை நான் கறிக்கு முன்பே இதில்தான் எடைபோடுவேன்: நறுக்கி நெடுநேரம் ஆன முட்டைக்கோஸ் விளிம்பில் வாடி நீர் கசியும், நேரத்துக்கு நறுக்கியது நிமிர்ந்து நிற்கும். பல கடைகளில் முட்டைக்கோஸும் சோறும், சிலவற்றில் மிசோச் சாறும்கூட, கேட்டால் கூடுதல் பணமின்றி மறுபடியும் தருவார்கள். ‘ஒகாவரி’ என்ற ஒரு சொல் போதும், கிண்ணத்தைச் சற்றே உயர்த்திக் காட்டினாலும் புரிந்துகொள்வார்கள். மறுசோறு கேட்பது அங்கே இழுக்கில்லை. நம் பந்தியைப் போலவே கடைக்காரருக்கு மகிழ்ச்சிதான். ஆனால் வாங்கியதை மிச்சம் வைப்பது அங்கும் மரியாதையல்ல.

ஒரு எச்சரிக்கை. பன்றிக்கறி உண்ணாதவரை உடன் அழைத்துச் செல்வதாக இருந்தால் யோசியுங்கள். பட்டியலில் இறால், கோழி, குளிர்காலத்தில் சிப்பிப் பொரியல் எல்லாம் இருக்கும். ஆனால் அவையும் பெரும்பாலும் அதே வாணலியில், பல கடைகளில் பன்றி நெய்யிலேயே பொரிகின்றன. மரக்கறி உண்பவருக்கோ சோறும் முட்டைக்கோஸும் ஊறுகாயும்தான் மிஞ்சும். மிசோச் சாற்றிலும் உலர்மீன் வடிநீர் இருக்கும். சில கடைகளில் சிறு மட்டியையோ பன்றிக்கறித் துண்டுகளையோ போட்டிருப்பார்கள்.

டொன்கட்சுவின் உறவினர் கூட்டத்தை இங்கே விரித்தால் பதில் நீண்டுவிடும். நகோயாவில் கருஞ்சிவப்பு மிசோக் குழம்பை ஊற்றித் தருவார்கள். 1947இல் தொடங்கிய யபாடொன் அதற்குப் பெயர்பெற்றது. முட்டையோடு சேர்த்துச் சோற்றின் மேல் கவிழ்க்கும் கட்சுடொன், கறிக்குழம்பு ஊற்றிய கட்சுகறி ஆகியவை தனி வகை. ரொட்டிக்கு நடுவே வைத்த கட்சுசாண்டோ மட்டும் ஒரு வரிக்கு உரியது: 1935இல் இசென் கடையில், அக்கம்பக்கத்து கெய்ஷாப் பெண்களின் உதட்டுச் சாயம் கலையாமல் உண்ண வசதியாகச் சிறு ரொட்டியில் செய்யப்பட்டது என்கிறார்கள். விமானத்துக்குப் பொட்டலம் கட்டிக்கொண்டு போக அதைவிட நல்லது கிடைக்காது.

எந்தக் கடை என்று கேட்டால், முதல்முறைக்கு அஒயாமாவில் உள்ள மைசென் தலைமைக் கடை எளிது. 1965இல் தொடங்கிய நிறுவனம், பழைய பொதுக் குளியலகக் கட்டடத்தில் நடப்பதால் உயர்ந்த மேற்கூரையோடு விசாலமாக இருக்கும், இருக்கையும் விரைவில் கிடைக்கும். வேலை நடப்பதைப் பார்க்க வேண்டும் என்றால் மெகுரோவில் 1939இல் தொடங்கிய டொன்கி. வெள்ளை உடைக்காரர்கள் நடுவே நின்று மாவு போர்த்துவதும் பொரிப்பதும் நறுக்குவதுமாக இருக்க, அவர்களைச் சுற்றி நீண்ட மரப் பலகை மேசையை ஒட்டி உண்பவர்கள் அமர்ந்திருப்பார்கள். அங்கே வரிசை என்று கோடு கிடையாது. உள்ளே நுழைந்ததும் ரோசுவா ஹிரேயா என்று கேட்டுவிட்டு, சுவரோரம் எங்கே இடம் கிடைத்தாலும் உட்காரச் சொல்வார்கள். யாருக்குப் பின் யார் வந்தார், எதைக் கேட்டார் என்பதை நினைவில் வைத்தே முறைப்படி அழைப்பார்கள். அவசரத்துக்குக் கட்சுயா, மட்சுனோயா போன்ற மலிவுத் தொடர்கடைகள் தெருவுக்குத் தெரு உண்டு. ஆயிரம் யென்னுக்குள் நிறைவாகச் சாப்பிடலாம். பேர்பெற்ற தனிக் கடையில் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு ஆகும். அன்பளிப்புக் காசு வைக்கும் வழக்கம் எங்கும் இல்லை; வைத்தால் மறந்துவிட்டீர்கள் என்று எண்ணித் தெருவரை ஓடிவந்து கொடுப்பார்கள்.

வரிசையைக் குறைக்க ஒரு வழி, வார நாளில் மதியக் கடை திறப்பதற்கு அரை மணி முன்பே போய் நிற்பது. பல கடைகள் பிற்பகல் இரண்டு மணி வாக்கில் மூடி மாலையில்தான் மறுபடி திறக்கும். அன்றைய கறி தீர்ந்தால் அதற்கு முன்பே வாசல் அறிவிப்புப் பலகையைத் திருப்பிக் கடையை மூடிவிடுவார்கள். சில பழைய கடைகள் அட்டையை ஏற்பதில்லை என்பதால் கையில் நோட்டு இருக்கட்டும். குழுவாகப் போகாமல் தனியாகப் போனால், அடுப்புக்கு எதிரே உள்ள பலகை மேசையில் ஒற்றை இடம் காலியாகும்போது முன்னால் நிற்கும் குடும்பத்தைத் தாண்டி உங்களைத்தான் முதலில் கூப்பிடுவார்கள்.